விடாத அம்பு

கார்த்திகா நாணை இழுத்துத் தாடையில் பதித்து நின்றாள். மானகிரிப் பக்கம் வெயில் இன்னும் சூடேறாத காலை. மற்ற பிள்ளைகள் எல்லாரும் தங்கள் அம்புகளை விட்டு முடித்து, வில்லை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் பின்கோட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்பு விடும் கோட்டில் அவள் ஒருத்திதான் பாக்கி.

நாண் அவள் மூக்கு நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு நாணை மெல்லத் தளர்த்தி, வில்லைத் தரையைப் பார்க்க இறக்கினாள். அம்பு நாணிலேயே இருந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுத்தாள். மறுபடி இறக்கினாள்.

என் வாயில் விசில் இருந்தது. எல்லாரும் போய் அம்பை எடுக்கலாம் என்று ஊத வேண்டியவன் நான். கடைசிப் பிள்ளை கோட்டை விட்டு வரும்வரை ஊதக் கூடாது என்பது சட்டம். ஆகவே விசிலைக் கடித்தபடி நின்றேன். என் வாய் அத்தனை நேரம் ஓய்ந்திருந்ததை வீட்டில் சொன்னால் நம்ப ஆளில்லை.

பின்னால் நின்ற பிள்ளைகள் தங்கள் கால் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடும் வயதுப் பிள்ளைகள் அவ்வளவு மரியாதையாக நின்று நான் பார்த்ததில்லை.

விசில் வந்த வழி

போன வாரம் இந்தப் பத்தியில் என் சர்க்கரை வியாதியின் வரலாற்றை எழுதியிருந்தேன். "உங்கள் சர்க்கரையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வாசகர் அன்போடு எழுதியிருக்கிறார். அவர் மன்னிக்க வேண்டும். இந்த விசிலும் அந்தச் சர்க்கரையிலிருந்து வந்ததுதான்.

டாக்டர் நடக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுச் சொர்ணலிங்கம் சனி, ஞாயிறு காலைகளில் தன் மகள் கார்த்திகாவை மானகிரிக்கு வில்வித்தைப் பயிற்சிக்குக் கூட்டிப்போவான். பூட்டிக்கிடந்த ஒரு பழைய ஆலையின் பின்பக்க மைதானம் அது. "அண்ணே, வண்டியில ஏறுங்க. அங்குட்டு நல்லா நடக்கலாம்" என்றான். நடப்பதற்காக வண்டியில் போக ஆரம்பித்தேன்.

முதல் நாள் மைதானத்தை ஒரு சுற்று சுற்றினேன். இரண்டாம் நாள் அரைச் சுற்று. மூன்றாம் நாள் வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

பயிற்சியாளர் ஜெயராணி திருச்சிப் பக்கத்துப் பெண். அவருக்கு யாரும் சும்மா இருப்பது பிடிக்காது. "சார், எப்படியும் உட்கார்ந்துதானே இருக்கீங்க? கோட்டைப் பார்த்துக்கோங்க" என்று விசிலைக் கையில் கொடுத்தார்.

இரண்டு ஊதினால் பிள்ளைகள் கோட்டுக்கு வர வேண்டும். ஒன்று ஊதினால் அம்பு விடலாம். மூன்று ஊதினால் போய் அம்பை எடுக்கலாம். விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் என்ன ஏது என்று கேட்காமல் எல்லாரும் வில்லை இறக்கிவிட வேண்டும். இழுத்த நாணைக்கூட விடாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். விடுவதைவிட அதுதான் கஷ்டம் என்று ஜெயராணி சொல்வார். இழுத்தது முழுக்கக் கையிலேயே திரும்பி வரும்.

இன்சூரன்ஸ் ஆபீசில் இத்தனை வருஷம் என் குரலுக்கு ஒரு பியூன்கூடத் திரும்பியதில்லை. இங்கே ஊதினால் ஒரு கூட்டமே அசையாமல் நின்றது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்பதை மறைப்பானேன்.

ஓடிப் பழகிய கால்கள்

ஜெயராணிக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் முதலில் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. வில்லைப் பிடிக்கச் சொன்னால் பிடித்தார்கள். மூச்சை அடக்கச் சொன்னால் அடக்கினார்கள். ஆனால் அம்பு கையை விட்டுப் போனதும் அதன் பின்னாலேயே காலும் கிளம்பிவிட்டது. விசிலாவது ஒன்றாவது.

"எதுக்குடா ஓடுறீங்க? இத்தனை ஊர்ல சொல்லிக் கொடுத்திருக்கேன், எங்கேயும் இப்படிப் பார்த்ததில்லை" என்று தலையில் கைவைத்தார்.

நான்தான் விளக்கினேன். விஜயதசமி அன்று எங்கள் பக்கத்தில் சாமி குதிரையில் ஏறி மகர்நோன்புப் பொட்டல் என்கிற திறந்தவெளிக்கு வருவார். சாமிக்காகக் குருக்கள் அங்கே நட்டிருக்கும் வாழை மரத்தின் மேல் அம்பு விடுவார். விட்டதும் ஊரே ஓடும். கையில் அம்பு கிடைத்தவர் வீட்டுக்கு அந்த வருஷம் ஒரு குறையும் வராது என்று பேச்சு. அம்பு கிடைக்காதவர்கள் வாழை மரத்தில் ஒரு துண்டாவது பிய்த்துக்கொண்டு போவார்கள்.

நானும் சின்ன வயதில் ஓடியிருக்கிறேன். ஒரு வருஷம் அம்பின் மேலேயே விழுந்தேன். எழுந்து பார்த்தபோது அம்பு இன்னொருவர் கையில் இருந்தது. என் சட்டையும் பாதி அவர் கையில் இருந்தது. இப்படி ஓடி வளர்ந்த ஊரில் "அம்பு விட்டால் நில்" என்று சொன்னால் கேட்க மூளை தயாராக இருக்கும், கால் இருக்காது.

ஜெயராணி சிரிக்கவில்லை. அன்றைக்கே கயிறு வாங்கிவரச் சொல்லி, கோட்டுக்குப் பின்னால் ஒன்று, பெற்றோர்கள் நிற்க அதற்கும் பின்னால் ஒன்று என்று கட்டிவிட்டார். அடுத்த சில வாரங்கள் பிள்ளைகளுக்கு அம்பே கொடுக்கவில்லை. வெறுங்கையோடு கோட்டுக்கு வந்து, நின்று, விசிலுக்குத் திரும்பிப் போகவே பழக்கினார். பிள்ளைகள் நிற்கப் பழகிவிட்டார்கள்.

பெற்றவர்களைப் பழக்க அவருக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

சொர்ணலிங்கம்

தச்சுக் குடும்பம். அவன் அப்பா காலத்தில் கதவு நிலை செய்தார்கள். இவன் பிளைவுட்டில் சமையலறை அலமாரி செய்கிறான், காரைக்குடி முழுக்க. அதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. "நிலைக்கதவு செஞ்சா ஆயுசுக்கும் ஒரு வாட்டிதான் கூப்பிடுவாக. கிச்சன்னா அஞ்சு வருசத்துல அலுத்துப்போய்த் திருப்பிக் கூப்பிடுவாக" என்பான்.

மைதானத்து டார்கெட் ஸ்டாண்டுகள் எல்லாம் அவன் செய்து கொடுத்தவை. பிள்ளைகள் கை படும் இடம் என்று விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தான். அம்பு குத்தப்போகும் சாமானை இப்படி இழைப்பானேன் என்று கேட்டேன்.

"குத்துன அம்பைத் திருப்பி அம்பா எடுக்கப் போகுது? பிள்ளைதானண்ணே எடுக்கப் போகுது" என்றான்.

ஒரே மகள். அவள் வில்லைப் பிடித்த நாளிலிருந்து அவன் பேச்சில் வேறு சங்கதி இல்லை. அலமாரி பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கதவைத் திறந்து காட்டிக்கொண்டே மகளைப் பற்றிச் சொல்வான். டார்கெட்டின் நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டத்தில் தன் கண் முன்னால் படும் அவளுடைய முதல் அம்பைக் குலசாமிக்கு வைப்பதாக நேர்ந்துகொண்டிருந்தான். அதை எங்கள் யாரிடமும் அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், வண்டியில் வரும்போது நானே சொல்லியிருப்பேன், பயிற்சி முடிந்து வாங்கிக்கொள்ளலாமே என்று. அவனுக்கும் அது தெரியாததல்ல.

அந்தக் காலை

விஜயதசமி முடிந்து இரண்டொரு நாள். தொடக்கத்தில் சொன்ன காலைக்கு முந்தியது இது. பெற்றோர்கள் பார்க்க வரலாம் என்று ஜெயராணி சொல்லியிருந்தார். மாவட்டத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். நான் ஒரு முறை ஊதினேன்.

கார்த்திகாவின் முதல் அம்பு மஞ்சளுக்கு நடுவில் போய் நின்றது. பின்கயிற்றில் நின்ற பெண்களில் யாரோ "ஆத்தி" என்றார்கள். நானும் திரும்பி அவளைத்தான் பார்த்தேன். அவள் அடுத்த அம்பைக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது என் கடைக்கண்ணில் வெள்ளையாக ஏதோ போயிற்று.

சொர்ணலிங்கம். வேட்டியை மடித்துக் கட்டியபடி, இரண்டு கயிறுகளுக்கும் அடியில் குனிந்து, மைதானத்தின் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தான். நான் விடாமல் ஊதினேன். காது கிழிய ஊதினேன். மற்ற வில்லெல்லாம் இறங்கின. அவனோ பொட்டலில் ஓடுகிறவன் மாதிரியே ஓடினான். இன்னொரு கை அதை எடுப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற ஓட்டம். டார்கெட்டுக்குப் பக்கத்தில் போனதும் குறுக்கே வெட்டி அதன் முன்னால் நின்றான்.

கார்த்திகா அப்போது நாணை முழுக்க இழுத்து, வேறெதுவும் காதில் விழாமல் மஞ்சளைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள். விசிலும் அவள் அப்பாவும் ஒன்றாகத்தான் அவளிடம் வந்து சேர்ந்தார்கள்.

அவள் விரல் திறக்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே நாணை மெல்லத் திருப்பிக் கொண்டுவந்து, வில்லைத் தரையைப் பார்க்க இறக்கினாள். அம்பைக் கழற்றிப் பவுச்சில் போட்டாள். புத்தகத்தில் அம்பறாத்தூணி என்று படித்திருப்பீர்கள். பிள்ளைகளுக்கு அது பவுச்சு.

சொர்ணலிங்கம் அம்பைப் பிடுங்கிக்கொண்டு, ஊருக்கே ராஜாவான முகத்தோடு திரும்பி நடந்து வந்தான். பாதி தூரம் வந்தபிறகுதான் மகளின் முகம் அவனுக்குத் தெரிந்தது. அப்புறம் அவன் நடை சின்னதாகிவிட்டது.

ஒன்றும் நடக்கவில்லை

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. விசிலும் பழக்கமும் எதற்கு இருந்தனவோ அதைச் செய்தன.

ஜெயராணி கத்தவில்லை. "நீங்க ஒரு மாசம் உள்ளே வரக் கூடாது" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் தலையாட்டிவிட்டான். பிள்ளைகளிடம் திரும்பி, "கார்த்திகா இறக்கினதைப் பார்த்தீங்களா? அதுதான் சரியான இறக்கம். எல்லாரும் அவளுக்குக் கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த சுற்றில் அவள் இழுத்தாள், இறக்கினாள். அசதி என்று நினைத்தோம். அடுத்த வாரமும் இறக்கினாள்.

ஜெயராணி டார்கெட்டிலிருந்து காகிதத்தை எடுத்துவிட்டு அவளைக் கிட்டத்தில் நிறுத்திப் பார்த்தார். வெறும் பலகையில் அம்புகள் சளைக்காமல் பாய்ந்தன. மஞ்சள் வட்டம் போட்ட காகிதத்தை ஒட்டியதும் விரல் பூட்டிக்கொண்டது. "இது வர்றதுதான் சார். பெரிய பெரிய ஆளுங்களுக்கே வரும். போகும்போது தானாப் போகும்" என்றார் என்னிடம். போகும் நாள் எது என்று அவருக்கும் தெரியவில்லை.

சொர்ணலிங்கம் ஒரு மாதத் தடை முடிந்தும் உள்ளே வரவில்லை. வாசலிலேயே வண்டியில் உட்கார்ந்திருப்பான். நான் வெளியே வந்ததும் முகத்தைப் பார்ப்பான். "விட்டாளாண்ணே?" என்று கேட்பான். நான் டாக்டர், சர்க்கரை, நடை என்று ஏதாவது பேசுவேன். அவனுக்குப் புரிந்துவிடும்.

பிள்ளை பயந்திருக்கிறாள் என்று அவன் மனைவி சொன்னாள். அமராவதிபுதூரில் மந்திரித்துக் கயிறு கட்டும் பெரியவர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். வண்டி ஓட்டத் துணைக்கு என்று நானும் போனேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

பெரியவர் அவள் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, "எதைப் பார்த்துப் பயந்துச்சு? நாயா, பாம்பா?" என்று கேட்டார்.

கார்த்திகா சுவரைப் பார்த்தாள்.

"என்னையப் பார்த்துத்தான்" என்றான் சொர்ணலிங்கம்.

பெரியவர் கையிலிருந்த கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு என்ன ஓதுவது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பாவம், கட்டிவிட்டார்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியபின் பிள்ளையும் தாயும் வீட்டுக்குள் போனார்கள். அவன் ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, அன்னைக்கு ஒரு அம்பு என் மேல பட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். ரெண்டு தையல் போட்டு அனுப்பியிருப்பாக. பட்டதும் தெரிஞ்சிருக்கும், ஆறுனதும் தெரிஞ்சிருக்கும். இதை எங்குட்டுக் கொண்டுபோய்க் காட்டுறது?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் என்று என்னைப் பற்றி ஊரில் பேச்சு. அன்றைக்கு என் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் இறங்கி வந்து அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனான்.

சிவகங்கை

மாவட்டத் தேர்வு. இதில் தேறினால் மாநிலப் போட்டி. அதில் நன்றாகச் செய்தால் விளையாட்டு விடுதியில் இடம், படிப்பு, எல்லாம். ஊரில் ஒரு தச்சன் மகள் தானாக நடந்து போகக்கூடிய தூரத்தில் அப்படி ஒரு கதவு எப்போதாவதுதான் திறக்கும். அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

சொர்ணலிங்கம் மைதானத்துக்குள் வரமாட்டேன் என்றுவிட்டான். "நான் எங்குட்டு நின்னாலும் அவ கண்ணுல படுவேண்ணே" என்றான். மதில் சுவருக்கு வெளியே, ஒரு புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு அங்கேயே நின்றான். உள்ளே அம்பு பலகையில் படும் சத்தம் அவன் காதுக்குக் கேட்கும். ஆனால் எது யாருடைய அம்பு என்று சத்தத்துக்குப் பெயரா இருக்கிறது?

உள்ளே நேரம் காட்டும் பலகையில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. அவள் இழுத்தாள். ஜெயராணி என் பக்கத்தில் நின்று, தானும் ஒரு கையை மடக்கி இழுத்துப் பிடித்திருந்தார். அவருக்கே தெரியாமல்.

ஒரு அம்பு போயிற்று. மஞ்சளுக்கு வெகு வெளியே, கறுப்பு வளையத்தில் போய் நின்றது. நான் கிட்டத்தட்டக் குதித்தேன்.

அதன் பிறகு அவள் இழுத்து இறக்கினாள். இழுத்து இறக்கினாள். நேரம் முடிந்த மணி அடித்தபோது பவுச்சில் அம்புகள் மிச்சமிருந்தன. அடுத்த சுற்றிலும் இருந்தன. அதற்கடுத்ததிலும்.

என் போன் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான்.

"அண்ணே, விட்டுட்டாளா?"

"ஒன்னு விட்டா."

"எங்குட்டுப் பட்டுச்சு?"

"பட்டுச்சு" என்றேன்.

முடிந்ததும் அவள் வில்லைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் துடைத்துப் பைக்குள் வைத்தாள். அழவில்லை. நான் தண்ணீர் பாட்டிலோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். நல்லவேளை, அவள் முந்திக்கொண்டாள்.

"பெரியப்பா, நான் பயப்படலை. எல்லாரும் பயம் பயம்னு சொல்றாக."

"அப்புறம் என்னத்தா?"

"மஞ்சளைப் பார்த்தா அப்பா அங்க வந்து நிக்கிறாக. சிரிச்சுக்கிட்டே வாராக. கையில அம்போட." பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "அன்னைக்கு நான் விட்டிருப்பேன் பெரியப்பா. விரல் திறக்கப் போச்சு. நீங்க ஊதலைனா விட்டிருப்பேன்."

நான் அவள் விரல்களைப் பார்த்தேன். சின்ன விரல்கள், நாண் பட்டுக் காய்த்துப்போனவை.

"இதை அப்பாகிட்ட சொல்லிராதீக" என்றாள்.

டீக்கடை

திரும்பும்போது காளையார்கோவில் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். ஜெயராணி பஸ்ஸில் போய்விட்டார். பெஞ்சில் நாங்கள் மூன்று பேர். சொர்ணலிங்கம் டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். டீ மேல் ஆடை படிந்தது.

கார்த்திகாதான் பேச்சை எடுத்தாள். காலாண்டு மதிப்பெண்ணைப் பற்றி ஆசிரியை ஏதோ சொன்னதாக ஆரம்பித்தாள். பிறகு, "அப்பா, எனக்கு இந்த வில்லு முன்னாடி மாதிரிப் பிடிக்கலப்பா" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சனி, ஞாயிறு பூரா இதுலயே போயிருது. என்கூடப் படிக்கிறவளுக எல்லாம் டியூசன் போறாளுக. எனக்கு அன்னைக்கு முன்னாடியே அலுத்துப்போச்சு. உங்ககிட்டச் சொன்னா வருத்தப்படுவீகன்னு சொல்லல."

"அன்னைக்கு முன்னாடியேவா?"

"ஆமா. ரொம்ப முன்னாடியே."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டேன். போன மழைக்கு மைதானத்தில் தண்ணீர் நின்று பயிற்சி இல்லை என்று சொன்னபோது, இவள் எங்கள் வீட்டு மாடியில் நின்று வெறுங்கையை இழுத்து இழுத்துப் பழகிக்கொண்டிருந்தது என் கண்ணுக்குள் இருந்தது. அன்றைக்கு இவள் அப்பனும்தான் கீழே நின்று பார்த்தான்.

"இம்புட்டுத்தானா? இதை முதல்லயே சொல்றதுக்கென்னத்தா" என்றான் சொர்ணலிங்கம். சிரிக்கவும் செய்தான். "நான் கிறுக்குப்பய, என்னாலதான்னு நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

"உங்களால எல்லாம் இல்ல" என்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது. காரியம் முடிந்த முகம். பஜ்ஜி எண்ணெய் பட்ட கையைக் கழுவக் கடைக்குப் பின்னால் இருந்த தொட்டிப் பக்கம் போனாள்.

அவள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

"எம்புட்டு நல்லாப் பொய் சொல்றா, பாத்தீகளாண்ணே" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் நம்பிட்டேன்னு நினைச்சுட்டா. முகம் எப்படி ஆகிப்போச்சு பாருங்க. ரெண்டு மாசமா அந்த முகத்தைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

"வீட்டுல போய்ப் பொறுமையாப் பேசிப் பாரேன்" என்றேன்.

"என்னன்னு பேச? நீ பொய் சொல்றேன்னா? அதையும் பிடுங்கிட்டா அவ எனக்காக வேற என்ன செய்வா, பாவம்."

தொட்டிப் பக்கம் குழாய்ச் சத்தம் நின்றது. துண்டால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டான். கார்த்திகா ஈரக் கையை உதறியபடி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, கணக்கு டியூசன் எங்க நல்லாச் சொல்லித் தாராக?" என்று கேட்டான். "காலேஜ் ரோட்டுலயா, இல்ல நம்ம வீட்டுப் பக்கமேவா?"

அவள் இரண்டைப் பற்றியும் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.